எஸ்எஸ்டி பெட்டி மேல இருக்கற நம்பரை மறந்துடுங்க

ஒவ்வொரு வருஷமும் அட்மிஷன் முடிஞ்ச கையோட ஜூனியர்ஸ்கிட்ட இருந்து ஒரே கேள்வி வரும். "அண்ணா, என்ன லேப்டாப் வாங்கலாம்?" நாங்க ஃபர்ஸ்ட் இயர் வந்தப்போ எங்க சீனியர்ஸ்கிட்ட இதையேதான் கேட்டோம். ராம் எவ்ளோ, ப்ராசஸர் என்ன என்பதோடு அப்போ பேச்சு முடிஞ்சிடும். இப்போ கூடவே இன்னொன்னும் சேர்ந்திருக்கு. "எஸ்எஸ்டி ஜென் 3-ஆ, ஜென் 4-ஆ? 3500 போதுமா, 7000 வேணுமா?"

நான் சொல்ற பதில் யாருக்கும் பிடிக்கறதில்ல. "ரெண்டுக்கும் உனக்கு வித்தியாசமே தெரியாது. விலை கம்மியா இருக்கறதை வாங்கு, மிச்சக் காசுல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கு." சொன்னவுடனே முகம் சுருங்கிடும். அண்ணனுக்கு விஷயம் தெரியலன்னு நினைச்சுக்கிட்டு வேற சீனியரைத் தேடிப் போயிடுவாங்க. அதனால் ஏன் அப்படிச் சொல்றேன்னு ஒரு தடவை முழுசா எழுதிடலாம்னு தோணிச்சு.

என் கருத்து ஒரே வரிதான். ஹார்டு டிஸ்க் சுத்திக்கிட்டு இருக்கற இடத்துல சாதாரண எஸ்எஸ்டி ஒன்னு போட்டா கம்ப்யூட்டரோட வாழ்க்கையே மாறும். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருக்கற இடத்துல அதைவிட வேகமானதைப் போட்டா, மாறுறது பெரும்பாலும் பெட்டி மேல இருக்கற நம்பர் மட்டும்தான்.

ரூம்மேட்டோட லேப்டாப்

ஃபர்ஸ்ட் இயர் ரெண்டாவது செமஸ்டர்ல என் ரூம்மேட் கையில் இருந்தது அவன் அண்ணனுக்குக் கிடைச்ச அரசு விலையில்லா மடிக்கணினி. 2011-ல் ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல கிடைச்ச ஒன்னு. அண்ணன் டிப்ளமோ முடிச்சு வேலைக்குப் போனதும் தம்பிகிட்ட வந்தது. பவர் பட்டனை அழுத்திட்டுக் குளிக்கப் போவான். திரும்பி வந்தாலும் அந்த நீல வட்டம் சுத்திக்கிட்டுதான் இருக்கும். சி ப்ரோகிராம் ஒன்னு கம்பைல் பண்ண எடிட்டரைத் திறந்தா, அது திறக்கறதுக்குள்ள பக்கத்து பெட்ல இருக்கறவன் ப்ரோகிராமை எழுதியே முடிச்சிருப்பான்.

வீட்ல இஎம்ஐ போட்டு நாற்பதாயிரத்துக்குப் புதுசு வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவங்க அப்பாவுக்கு அந்த மாசத் தவணை என்ன பாரம்னு அவன் வாயைத் திறந்து சொல்லல. ஆனா ராத்திரி போன்ல பேசற குரல்லயே தெரிஞ்சுது.

நாங்க ஒரு முயற்சி பண்ணிப் பார்த்தோம். ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்னு, கூடவே பழைய ராம் கார்டு ஒன்னு. பின்னாடி ஸ்க்ரூவைக் கழட்டி, ஹார்டு டிஸ்க்கை உருவி, அதே இடத்துல எஸ்எஸ்டியைச் செருகினோம். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டோம். வேலை மொத்தம் ஒரு மதியம். சாயங்காலம் ஆன் பண்ணினப்போ அரை நிமிஷத்துக்குள்ள டெஸ்க்டாப் வந்துடுச்சு. அவன் நம்பாம மறுபடியும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தான். இஎம்ஐ பேச்சு அன்னிக்கே நின்னுது. மேட்லேப், ஆன்சிஸ் மாதிரி கனமான சாஃப்ட்வேருக்கு மட்டும் லேபுக்குப் போவான். மத்த எல்லாத்துக்கும் மூணு வருஷமா அந்த லேப்டாப்தான்.

ப்ராசஸர் மாறல. ஸ்க்ரீன் மாறல. அப்புறம் எப்படி இவ்ளோ வித்தியாசம்?

பந்தியும் இட்லியும்

பழைய லேப்டாப் ஹார்டு டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்தும். அதாவது நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய தகவல் தட்டுல எங்கேயோ இருக்கும். அது முள்ளுக்கு அடியில வந்து சேர சராசரியா அரைச் சுற்று, அதாவது அஞ்சரை மில்லி செகண்ட் ஆகும். அதுக்கு முன்னாடி அந்த முள் சரியான தடத்துக்கு நகரணும். அதுக்கு இன்னொரு பத்து மில்லி செகண்டுன்னு வெச்சுக்கலாம். ஆக, ஒரு சின்ன ஃபைலை எடுக்க ஏறக்குறைய 15 மில்லி செகண்ட். நொடிக்கு அறுபது எழுபது தடவைதான் எடுக்க முடியும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துண்டுகளை டிஸ்க்கோட வெவ்வேறு மூலையில் இருந்து படிக்கும். கணக்குக்கு 10,000 தடவைன்னு எடுத்துக்குங்க. 15 மில்லி செகண்ட் வீதம் 150 நொடி, அதாவது ரெண்டரை நிமிஷம் வெறும் காத்திருப்பு. எஸ்எஸ்டியில சுத்தற தட்டும் இல்ல, நகரற முள்ளும் இல்ல. ஒரு துண்டு எடுக்க 0.1 மில்லி செகண்ட் அல்லது அதைவிடக் கம்மி. அதே 10,000 துண்டும் ஒரே நொடியில் முடிஞ்சிடும்.

நம்ம மெஸ்ஸை நினைச்சுப் பாருங்க. பந்தியில் எல்லாரும் வரிசையா உட்கார்ந்திருந்தா, ஒரு அண்ணன் வாளியோட வந்து சடசடன்னு பரிமாறிட்டுப் போயிடுவார். ஹார்டு டிஸ்க் இதுல மோசமே இல்ல. ஒரு பெரிய சினிமா ஃபைலைத் தொடர்ச்சியா படிக்கச் சொன்னா நொடிக்கு நூறு எம்பிக்கும் மேல கொடுக்கும். ஆனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மூலையில் உட்கார்ந்துக்கிட்டு, ஒவ்வொரு இட்லிக்கும் அந்த அண்ணன் சமையலறைக்குப் போயிட்டு வரணும்னா? அதுதான் பூட் ஆகறப்போ நடக்கறது. ஹார்டு டிஸ்க் தோத்தது அங்கதான்.

அப்போ 7000 எதுக்கு?

இப்ப பெட்டி மேல இருக்கற நம்பருக்கு வருவோம். சாட்டா எஸ்எஸ்டின்னா நொடிக்கு 550 எம்பி. என்விஎம்ஈ ஜென் 3-ன்னா 3500. ஜென் 4-ன்னா 7000. ஜென் 5-ல 14,000 வரைக்கும் வந்தாச்சு. பார்த்தா தலை சுத்தும். ஆனா இதெல்லாமே பந்திக் கணக்கு. ஒரு பெரிய ஃபைலைத் தொடர்ச்சியா, பல வேலைகளை ஒரே நேரத்துல வரிசையில் நிறுத்திப் படிச்சா வர்ற அதிகபட்ச வேகம்.

இட்லிக் கணக்கு வேற. 4 கேபி அளவுள்ள குட்டித் துண்டுகளை ஒன்னு முடிஞ்ச அப்புறம் இன்னொன்னுன்னு படிச்சா, சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 30, 40 எம்பி தரும். நல்ல என்விஎம்ஈ 60, 80 எம்பி தரும். பெட்டி மேல 13 மடங்கு வித்தியாசம், உள்ள வந்து பார்த்தா ரெண்டு மடங்கு. அந்த ரெண்டு மடங்கும் முழுசா நம்ம கைக்கு வராது. படிச்ச துண்டைப் பிரிச்சு, சரிபார்த்து, மெமரியில் வைக்கற வேலை ப்ராசஸரோடது. டிஸ்க் காத்திருக்க வெச்ச காலம் போய், இப்போ டிஸ்க்தான் ப்ராசஸருக்காகக் காத்திருக்கு. அதனாலதான் ஜென் 3 லேப்டாப்பும் ஜென் 4 லேப்டாப்பும் பக்கத்துப் பக்கத்துல பூட் ஆனா, எது எதுன்னு உங்களால சொல்ல முடியாது.

"அப்போ வேகமான டிரைவ் வாங்கறவங்க எல்லாம் முட்டாளா?"ன்னு கேட்காதீங்க. 4கே வீடியோ எடிட் பண்றவங்களுக்கும், நூறு ஜிபி டேட்டாசெட்டை அடிக்கடி இங்கேயும் அங்கேயும் நகர்த்தறவங்களுக்கும் அந்த 7000 உண்மையிலேயே உதவும். நம்ம காலேஜ்லயே அப்படி நாலு பேர் இருப்பாங்க. ஆனா அவங்களுக்கும் ஒரு பக்கம் மட்டும் வேகமா இருந்தா பத்தாது. பென்டிரைவ்ல இருந்து காப்பி பண்ணும்போது பென்டிரைவோட வேகம்தான் வரும். எந்த ஜென் போட்டிருந்தாலும் அவ்ளோதான்.

விலை எப்படி இறங்கிச்சு?

இன்னொரு விஷயமும் நம்ம ஆளுங்க கவனிக்கறதில்ல. ஒரு பொருளோட விலை இறங்கும்போது, அதே பொருள்தான் விலை இறங்கியிருக்குன்னு நினைச்சுக்கறோம். ஃப்ளாஷ் விஷயத்துல அப்படி இல்ல.

தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-ல் ஃப்ளாஷ் மெமரியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். இப்போ எஸ்எஸ்டியில இருக்கற நேண்ட் வகை 1987-ல் வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வர இன்னும் இருபது வருஷம் ஆச்சு. 2008 செப்டம்பர்ல இன்டெல் எக்ஸ்25-எம் என்ற டிரைவை வெளியிட்டது. 80 ஜிபி. மொத்தமா ஆயிரம் வாங்கினா ஒன்னு 595 டாலர். ஒரு ஜிபிக்கு ஏழு டாலருக்கும் மேல. 2023 நடுவுல ஒரு டிபி சாதாரண என்விஎம்ஈ 40 டாலருக்குக் கிடைச்சது. ஒரு ஜிபிக்கு நாலு சென்ட். பதினஞ்சு வருஷத்துல நூற்றைம்பது மடங்குக்கும் மேல இறக்கம். தங்கத்துக்கும் பெட்ரோலுக்கும் இப்படி நடந்திருந்தா எப்படி இருக்கும்!

இதை மூணு வழியில சாதிச்சாங்க. முதல் வழி, செல்லைச் சின்னதாக்கறது. 15, 16 நானோமீட்டர் பக்கம் வந்ததும் அந்த வழி அடைபட்டுப் போச்சு. ரெண்டாவது வழி, இடம் இல்லாத ஊர்ல அபார்ட்மென்ட் கட்டற மாதிரி மேல மேல அடுக்கறது. 2013-ல் சாம்சங் 24 அடுக்கோட ஆரம்பிச்சது. 2024-ல் எஸ்கே ஹைனிக்ஸ் 321 அடுக்குக்கு வந்துடுச்சு. இப்படி அடுக்கறதுல நமக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்ல.

மூணாவது வழிதான் கவனிக்க வேண்டியது. ஒரு செல்லுக்குள்ள எத்தனை பிட் அடைக்கறது என்பது. ஒரு டம்ளர்ல தண்ணி இருக்கா இல்லையான்னு மட்டும் பார்த்தா அது ஒரு பிட். இதுக்கு எஸ்எல்சின்னு பேர். காலி, கால், முக்கால், முழுசுன்னு நாலு மட்டம் பார்த்தா ரெண்டு பிட், எம்எல்சி. எட்டு மட்டம் பார்த்தா மூணு பிட், டிஎல்சி. பதினாறு மட்டம் பார்த்தா நாலு பிட், க்யூஎல்சி. டம்ளர் அதேதான். கோடுதான் நெருக்கமாகிட்டே போகுது. பதினாறு கோட்டுல சரியான கோடு வரைக்கும் ஊத்தணும்னா மெதுவா, சொட்டுச் சொட்டாதான் ஊத்தணும். டம்ளர் கொஞ்சம் பழசாகி லேசா கசிஞ்சாக்கூட கோடு மாறிடும். அதனாலதான் பிட் ஏற ஏற எழுதற வேகமும் ஆயுளும் குறையுது.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ஒரு பிட்ல இருந்து ரெண்டு பிட்டுக்குப் போனா அதே சில்லுல இடம் ரெண்டு மடங்காகும். மூணில இருந்து நாலுக்குப் போனா மூணுல ஒரு பங்குதான் கூடும். ஆனா மட்டங்களோ எட்டுல இருந்து பதினாறா இரட்டிக்கும். லாபம் குறையுது, சிரமம் கூடுது. கடைசியில் நமக்குக் கிடைக்கற விலைக் குறைப்பு ஐந்நூறோ அறுநூறோ ரூபாய்.

அந்த ஐந்நூறுக்கு என்ன போகுதுன்னு ஒரு உதாரணம். சாம்சங் 870 க்யூவிஓ, 1 டிபி. க்யூஎல்சி டிரைவ். எழுதற வேகம் நொடிக்கு 530 எம்பி. இது எப்படின்னா, கொஞ்சம் செல்களை எஸ்எல்சி மாதிரி ஒத்தை பிட்டா பயன்படுத்தி, முதல்ல வேகமா அதுல எழுதிக்கும். அந்த இடம் நிரம்பிடுச்சுன்னா? நிறுவனமே தன் விவரத் தாள்ல போட்டிருக்கு: 80 எம்பி. ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க்கை விடக் கம்மி! இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்ல, வெளிப்படையாவே சொல்றாங்க. ஆனா பெட்டியோட முன்பக்கத்துல இருக்கற நம்பரைப் பார்த்து வாங்கறவன் அந்தத் தாளோட கடைசிப் பக்கம் வரைக்கும் போகமாட்டான்.

தினசரி வேலைக்கு இது பிரச்சினையே இல்ல. ஒரே மூச்சுல ஐம்பது நூறு ஜிபி எழுதறவங்களுக்குத்தான் தெரியும். ஆனா டிரைவ் நிரம்ப நிரம்ப, பல மாடல்கள்ல இந்த வேகமான இடமும் சுருங்கிட்டே போகும். 95 சதவீதம் நிரப்பி வெச்சுக்கிட்டு "எஸ்எஸ்டி ஸ்லோ ஆயிடுச்சுடா"ன்னு புலம்பறவங்க நிறைய பேர். ஒரு 15, 20 சதவீதம் காலியா விடுங்க, பாதிப் பிரச்சினை போயிடும்.

இன்னொன்னும் ஞாபகம் வெச்சுக்குங்க. 2021-ல் ஒன்னுக்கு மேற்பட்ட பெரிய நிறுவனங்கள், விமர்சனம் எல்லாம் வந்து பேர் வாங்கின அப்புறம், அதே மாடல் பேர்ல உள்ள இருக்கற சில்லை மாத்தி விற்றது வெளியில வந்தது. ஒரு வருஷம் முன்னாடி வந்த ரிவ்யூ வீடியோல பார்த்த டிரைவும், இன்னிக்கு உங்க கைக்கு வர்ற டிரைவும் ஒன்னாவே இருக்கணும்னு கட்டாயம் இல்ல. நம்பரைத் துரத்தாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

தேஞ்சு போகும்னு பயப்படாதீங்க, திடீர்னு போகும்னு பயப்படுங்க

"க்யூஎல்சி சீக்கிரம் தேஞ்சு போயிடுமாமே?" இது அடுத்த கேள்வி. அதே 870 க்யூவிஓ 1 டிபிக்கு நிறுவனம் தர்ற எழுத்து வரம்பு 360 டிபி. நீங்க தினமும் 20 ஜிபி எழுதறீங்கன்னு வைங்க. அதுவே ஸ்டூடன்ட்டுக்கு அதிகம். வருஷத்துக்கு 7.3 டிபி. 360-ஐ எட்ட 49 வருஷம். உங்க பேரப்பிள்ளைகிட்டதான் அந்த டிரைவ் தேயும்.

நிஜமான ஆபத்து வேற. தேர்ட் இயர்ல எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்திக்கு நடந்தது. மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் லேப்டாப் நல்லா ஓடியிருக்கு. காலைல ஆன் பண்ணினா, கறுப்பு ஸ்க்ரீன்ல பூட் பண்ண டிவைஸ் எதுவும் இல்லன்னு ஒரு வரி. டிரைவ் ஒன்னரை வருஷப் புதுசு. தேயறதுக்கு வாய்ப்பே இல்ல. கன்ட்ரோலர் செத்துப் போச்சு. கோடு, ரெண்டு மாசம் வயல்ல சென்சாரை நட்டு வெச்சு எடுத்த ரீடிங், எல்லாம் அதுலதான். ரிப்போர்ட் மட்டும் கைடுக்கு மெயில் அனுப்பியிருந்ததால தப்பிச்சுது. டிரைவுக்கு வாரன்ட்டி இருந்தது, புதுசு கொடுத்தாங்க. ஆனா வாரன்ட்டி டிரைவுக்குத்தான், உள்ள இருக்கறதுக்கு இல்ல. ரிவ்யூவை ஒரு வாரம் தள்ளி வெச்சாங்க. கோடை நாலு ராத்திரி முழிச்சு மறுபடியும் எழுதினா. ரீடிங்கை எங்க போய் மறுபடியும் எடுக்கறது? அறுவடை முடிஞ்சிருந்தது.

ஹார்டு டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி பல நேரம் டக் டக்னு சத்தம் போடும். ஏதோ சரியில்லன்னு நமக்கே தெரியும். எஸ்எஸ்டி அப்படி முனகறதில்ல. நேத்து இருந்தது, இன்னிக்கு இல்ல. தவறுதலா அழிச்ச ஃபைலையும் திரும்ப எடுக்கறது கஷ்டம். ஃப்ளாஷ்ல பழசை அழிச்ச அப்புறம்தான் புதுசா எழுத முடியும். அதனால நீங்க டெலீட் பண்ணினதும் ட்ரிம் என்ற கட்டளை மூலமா ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த இடத்தைச் சொல்லிடும், டிரைவ் ஓய்வா இருக்கும்போது சுத்தமா துடைச்சு வெச்சுடும். ஹார்டு டிஸ்க் காலத்து ரெகவரி சாஃப்ட்வேர் இங்க பெரும்பாலும் வெறுங்கையோடதான் வரும்.

பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டறதுக்கும் எஸ்எஸ்டி சரியான பொருள் இல்ல. ஜெடெக் தரநிலை வீட்டு எஸ்எஸ்டிகிட்ட எதிர்பார்க்கறது இவ்ளோதான்: எழுத்து வரம்பு முடியற வரைக்கும் பயன்படுத்தின டிரைவ், கரன்ட் இல்லாம 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவலைக் காப்பாத்தினா போதும். புது டிரைவ் இன்னும் அதிக நாள் தாங்கும். ஆனா சூடு ஏற ஏற அந்தக் காலம் குறையும். நம்ம ஊர் மே மாசத்துல 30 டிகிரிங்கறது ராத்திரிக் கணக்கு.

அதனாலதான் மிச்சக் காசுல ஹார்டு டிஸ்க் வாங்குன்னு சொல்றேன். பூட் ஆகறதுக்கு அது லாயக்கில்ல. ஆனா வாரம் ஒரு தடவை ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி வைக்க, அதே காசுக்கு அதைவிட அதிக இடம் தர்றது இன்னும் எதுவும் இல்ல. ஜென் 3-க்கும் ஜென் 4-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசப் பணத்துல அவளோட ரெண்டு மாச உழைப்பு தப்பிச்சிருக்கும்.

"விலை இன்னும் இறங்கட்டும்"

காத்திருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஃப்ளாஷ் விலை இறங்கிட்டே இருக்கும்னு நாம பழகிட்டோம். அது மேல இருந்து கீழ மட்டும் போற ரோடு இல்ல. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்துல ஃபேக்டரிகள் மூழ்கினப்போ ஹார்டு டிஸ்க் விலை உலகம் முழுக்க எகிறிச்சு. 2022 பிப்ரவரியில ஜப்பான்ல கியோக்ஸியாவோட ரெண்டு ஃபேக்டரியில மூலப்பொருள் கெட்டுப் போய் உற்பத்தி பாதிச்சது. 2023-ல் விலை பாதாளத்துக்குப் போனப்போ, நஷ்டம் தாங்காம சாம்சங் உட்பட எல்லாரும் உற்பத்தியைக் குறைச்சாங்க. அந்த வருஷக் கடைசியிலேயே விலை திரும்பிடுச்சு.

இப்போ ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை லாரி லாரியா வாங்குது. 2025 கடைசியில இருந்து ராமும் எஸ்எஸ்டியும் ரெண்டுமே ஏறிட்டு இருக்கு. 2025 டிசம்பர்ல மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பேர்ல நம்மள மாதிரி சாதாரண ஆளுங்களுக்கு விற்ற தொழிலை விட்டே விலகறோம்னு அறிவிச்சது. என் ரூம்மேட் வாங்கின காலம்தான் மலிவுக் காலம்னு அப்போ எங்களுக்குத் தெரியாது. இந்த ஃபேக்டரிகளோட க்யூவுல வீட்டுக் கம்ப்யூட்டர்காரன் கடைசி ஆள். கை நிறைய இருந்தா நமக்கு வரும், பத்தலன்னா முதல்ல நமக்குத்தான் நிக்கும்.

அதனால் பதட்டப்பட்டு 2 டிபி வாங்கவும் வேண்டாம், ஹார்டு டிஸ்க்கோட மல்லுக்கட்டிக்கிட்டு இறங்கும் இறங்கும்னு காத்திருக்கவும் வேண்டாம். இன்னிக்குத் தேவையான அளவை இன்னிக்கு வாங்குங்க. தினமும் பத்து நிமிஷம் காத்திருந்தா வருஷத்துக்கு அறுபது மணி நேரம். அதுக்கும் ஒரு விலை இருக்கு.

வாங்கப் போறவங்களுக்கு

வீட்ல ஹார்டு டிஸ்க் லேப்டாப் இருந்தா முதல்ல அதைத் திறந்து பாருங்க. பேர் தெரிஞ்ச கம்பெனியோட 240 அல்லது 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரோட முடிஞ்சதால, பழைய மெஷின்னா லினக்ஸ் போட்டுக்குங்க. எம்.2 வாங்கறவங்க ஜாக்கிரதை. எம்.2 என்பது வடிவத்தோட பேர்தான். அதுல சாட்டாவும் உண்டு, என்விஎம்ஈயும் உண்டு. உங்க ஸ்லாட் எதை ஏத்துக்கும்னு மாடல் நம்பரைப் போட்டுத் தேடிட்டு வாங்குங்க.

புது லேப்டாப்னா ஜென் எத்தனைன்னு கேட்காதீங்க. 512 ஜிபி இருக்கா, இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கா, ராமைக் கூட்ட முடியுமா, இதைக் கேளுங்க. ஒரே மாதிரி ரெண்டு டிரைவ் இருந்து, விலை வித்தியாசம் கம்மியா இருந்தா டிஎல்சியை எடுங்க. ஆன்லைன்ல 16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி ரெண்டாயிரம் ரூபாய்னு வந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. உள்ள ஒரு குட்டி மெமரி கார்டும், 16 டிபின்னு பொய் சொல்ற கன்ட்ரோலரும்தான் இருக்கும். ஏற்கெனவே வாங்கிட்டிருந்தா எஃப்3 என்ற இலவச டூலை ஓட்டிப் பாருங்க, உண்மை வெளியில வந்துடும்.

கடைசியா நம்ம காலேஜுக்கும் ஒன்னு. நம்ம பழைய லேப் மெஷின்கள்ல இன்னும் ஹார்டு டிஸ்க்தான் சுத்துது. ரெண்டு மணி நேர லேப்ல முதல் பத்து நிமிஷம் லாகின் ஆகறதுக்கே போயிடுது. அறுபது பேர் உட்கார்ந்தா அது பத்து மணி நேரம், ஒரே ஒரு பேட்ச்சுக்கு. புது கம்ப்யூட்டர் ஒன்னோட விலையில பத்துப் பதினஞ்சு மெஷினுக்கு எஸ்எஸ்டி போட்டுடலாம். ஸ்க்ரூ டிரைவரோட வந்து மாத்திக் கொடுக்க ஃபைனல் இயர்ல ஆள் இருக்கோம். அனுமதி மட்டும் கொடுத்தா போதும்.

நாங்க மே மாசம் கிளம்பிடுவோம். அடுத்த ஜூலையில உங்ககிட்டயும் ஒரு ஜூனியர் வந்து "3500-ஆ, 7000-ஆ?"ன்னு கேட்பான். அப்போ அவன்கிட்ட முதல்ல ஒன்னு கேளுங்க: "உன் ப்ராஜெக்டோட இன்னொரு காப்பி எங்கடா இருக்கு?"